ஆடியில் கட்டாதே

கேப்பர் மலை, கடலூர்
விய வருஷம், ஆடி 4 (1946)

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை புஷ்பவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பெண் ராஜாமணியும் சுகம். உன் மச்சானுக்கு மட்டும் இந்தக் காற்றில் இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. உன் சுகத்தையும் தில்லையம்மாள் அண்ணி சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

பஸ் கண்டக்டர் லூர்துசாமியிடம் எட்டு மாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குப்பைக் குழியில் முளைத்த கன்றைப் பிடுங்கிக் கிணற்றடியில் வைத்தேனே, அந்த மரத்துப் பழம். இது மூன்றாவது காய்ப்பு. ஊரில் மாம்பழம் எல்லாம் ஆனியோடு ஓய்ந்துவிட்டது. இது ஆடி பிறந்த பிறகுதான் நிறம் காட்டுகிறது. நார் கிடையாது. கொட்டை புளியங்கொட்டையைத் தட்டிவிட்டது போல் அவ்வளவு மெலிசு. தின்று பார்த்து எழுது.

கிணற்றுக்கு மேற்கே நமக்கு இருக்கும் மூன்று காணிச் செம்மேடு உனக்குத் தெரியும். வரகுகூட அழுதுகொண்டுதான் விளையும். அந்த மூன்று காணியும் இந்த ஒரே மரமாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். நாட்டு மாங்கொட்டை போட்டு அறுபது தொட்டியில் கன்று வளர்த்துவிட்டேன். பென்சில் கனம் வந்துவிட்டது. இனி ஒட்டுக் கட்டவேண்டியதுதான். எந்த மாசம் கட்டுவது? ஆடி என்கிறார்கள் சிலர். மழை கழித்துத் தையில் என்கிறார்கள் சிலர். இது தண்ணீர் இல்லாத மேடு. மாசம் தப்பினால் ஒரு வருஷம் போச்சு. இவரால் ஏர் பிடிக்க முடியாது. ஏற்றம் இறைக்கவும் முடியாது. எங்களுக்கு இனிமேல் இந்த மரங்கள்தான்.

நீ சிதம்பரத்தில் அவ்வளவு பெரிய பண்ணைக்குத் தோட்ட மேஸ்திரி. நீ சொல்கிற மாசத்தில்தான் கத்தியைத் தொடுவேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
புஷ்பவள்ளி


சிதம்பரம்
ஆடி 11

சௌபாக்கியவதி புஷ்பவள்ளிக்கு அண்ணன் உத்திராபதி ஆசீர்வாதம். நடராஜர் கிருபையில் இவ்விடம் இருவரும் க்ஷேமம். மச்சானுக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு.

பழம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

பழத்தின் மேல் நீ போர்த்தி அனுப்பிய இலையில் ஒரு புள்ளி பார்த்தேன். நோவாக இருக்கலாம். இங்கே தெரிந்தவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். அதனால் நான் சொல்கிறபடி செய். பென்சில் கனத்தில், பச்சை மாறி முற்றிய கிளை நுனியாக நாற்பது பார். இலையை மட்டும் கிள்ளிவிட்டுக் காம்பை விட்டுவிடு. எட்டு நாள் அப்படியே மரத்தில் இருக்கட்டும். நுனி மொட்டு உப்பினதும் ஒரு முழத்துக்கு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, வாழைப் பட்டையில் வைத்துக் கட்டி, வெட்டின அன்றைக்கே லூர்துசாமியிடம் கொடுத்துவிடு. வெயில் படக்கூடாது.

ஒட்டு விஷயம் பிறகு எழுதுகிறேன். அதுவரை ஒன்றும் கட்டாதே.

உத்திராபதி


கேப்பர் மலை
ஆடி 24

அண்ணாவுக்கு வணக்கம். இங்கு யாவரும் நலம். தூதுவளை கொடுத்தேன், இரண்டு நாளாக அவர் படுத்துத் தூங்குகிறார். அண்ணிக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடியே நாற்பது குச்சி. இன்று விடிந்ததும் வெட்டி, முதல் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். நோவு பார்க்க நாற்பது எதற்கு என்று உன் மச்சானுக்கு ஆச்சரியம். "டாக்டருக்கு ஒரு எலை போதாதா? விறகுக் கட்டு மாதிரி அனுப்புற?" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, இந்த வாரம் மூன்று சாயங்காலம் இடி இடித்து நல்ல மழை. காற்றும் அடங்கி, புழுக்கமாக இருக்கிறது. மரத்தில் கீறினால் பால் பொங்குகிறது. தொட்டிக் கன்றுகளும் துளிர்த்து நிற்கின்றன. பக்கத்துக் கொல்லை சபாபதி நேற்று வந்து பார்த்துவிட்டு, "இதவிட்டா நேரம் ஏது அக்கா? நாளைக்கே கட்டு" என்றான். என் அண்ணன் கடிதம் வரட்டும் என்றேன். நீ ஒரு கார்டு போட்டால் போதும், மறுநாளே கட்டிவிடுவேன்.

புஷ்பவள்ளி


சிதம்பரம்
புரட்டாசி 8

சௌ. புஷ்பவள்ளிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். பண்ணையில் வேலை அதிகம். அதனால் பதில் எழுதத் தாமதம். தவறாக நினைக்காதே.

ஆடியில் கட்டாதே. ஆடி, ஆவணியில் கட்டுவது தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் வழக்கம். உன் மேட்டில் காற்று அடித்துக் கட்டைப் பிரித்துவிடும். அது நின்றால் ஐப்பசி அடைமழை வந்து ஒட்டு அழுகிவிடும். வறண்ட பூமிக்கு மாசிக் கடைசி, பங்குனிதான் சரி. காற்று இராது, மழை இராது, மரம் நிதானமாக இருக்கும். இரண்டு வேளை தண்ணீர் விட்டால் போதும். அவசரப்பட வேண்டாம்.

மரத்துக்கு நோவு ஒன்றும் இல்லை. அந்த மரத்தில் யாருக்கும் குச்சி கொடுக்காதே. ஊரார் கண் பொல்லாதது.

உத்திராபதி


கேப்பர் மலை
விய வருஷம், பங்குனி 3 (1947)

அன்புள்ள அண்ணாவுக்குப் புஷ்பவள்ளி வணக்கம். பொங்கலுக்கு நீ வருவாய் என்று ராஜாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை இருந்திருக்கும். இருவரும் சுகந்தானே?

மாசி 26-ஆம் தேதி நல்ல நாள் பார்த்துக் கட்டிவிட்டேன். மரத்தைச் சுற்றி மூங்கில் பரண் போட்டு, தொட்டிகளை ஏற்றி, கிளையையும் கன்றையும் சீவி, சேர்த்து வைத்து, வாழை நாரால் இறுக்கிக் களிமண் அப்பினேன். ஐம்பத்தெட்டு. மரத்தில் இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. இந்தச் சமயத்தில் மரத்துக்கு ஒட்டின் மேல் நினைப்பு இருக்குமா என்று எனக்கே ஒரு சந்தேகம். சபாபதி வாய்விட்டே சொன்னான். "மரம் புள்ள பெத்துக்கிட்டு இருக்குது, அதுங்கிட்டப் போயி இன்னொரு வேலையா?" என்றான். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

காலையும் மாலையும் நானும் ராஜாமணியும் இறைக்கிறோம். கயிறு பட்டு அவள் கை கொப்பளித்துவிட்டது. அவளுக்குப் புவனகிரியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம். கூடிவந்தால் வருகிற தையில் முடிக்கலாம். தாய்மாமன் நீ ஒருத்தன்தானே, வந்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புஷ்பவள்ளி


கேப்பர் மலை
சர்வஜித்து வருஷம், சித்திரை 12

அண்ணாவுக்கு வணக்கம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். என் முன் கடிதத்துக்குப் பதில் இல்லை.

நாற்பத்தொன்று போய்விட்டது. நார் அவிழ்த்துப் பார்த்தேன். சீவின இடம் சேரவே இல்லை. காய்ந்த புண் பொருக்கு மாதிரி விட்டுக்கொண்டு வந்தது. மேல்காற்று அனலாக அடிக்கிறது. விட்ட தண்ணீர் தொட்டியில் ஒரு நாழிகை நிற்பதில்லை. கட்டின கிளைகளில் பிஞ்சும் உதிர்ந்துவிட்டது. மிச்சம் பதினேழை ஓலை வேய்ந்து மூடி வைத்திருக்கிறேன். ஏதாவது வழி உண்டா? ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா? முடியாவிட்டால் உடனே எழுது.

புஷ்பவள்ளி


சிதம்பரம்
வைகாசி 2

சௌ. புஷ்பவள்ளிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம்.

தண்ணீர் போதாமல்தான் போயிருக்கும். கட்டும் இறுகியிராது. பெண்பிள்ளை கைக்கட்டு அப்படித்தான். மனம் தளராதே. வருகிற பங்குனியில் மறுபடி பார்க்கலாம்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு இந்த வருஷம் வர வேண்டாம். வீடு மராமத்து நடக்கிறது. தங்க இடம் இல்லை.

உத்திராபதி


கேப்பர் மலை
ஆனி 18

அண்ணாவுக்கு. இங்கே உயிரோடு இருக்கிறோம். உன் வீடு மராமத்து இல்லாமலேயே நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்தோம்.

திருமஞ்சனத்துக்கு வருவதாக உன் மச்சான் இழுப்பு வந்தபோது வேண்டிக்கொண்டிருந்தார். தங்காமல் தரிசனம் பண்ணித் திரும்பிவிடலாம் என்று வந்தோம். தரிசனம் முடிந்தது. இவ்வளவு தூரம் வந்து அண்ணியைப் பார்க்காமல் போவதா என்று வீட்டுக்கு வந்தோம். நீ இல்லை. அண்ணி எங்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனாள். இலை போட்டாள், சோறு போட்டாள், முகத்தை மட்டும் காட்டவில்லை. "அண்ணா எங்கே?" என்றதற்குத் "தோட்டத்துல" என்று சொல்லிவிட்டு, "நீ அங்க போவாத புஷ்பா, வெயிலு" என்றாள். வெயில் எனக்குப் புதிதா?

தோட்டத்திலும் நீ இல்லை; முதலாளியோடு எங்கோ போயிருந்தாய். தண்ணீர் ஊற்றும் பெரியவர் பஞ்சநாதம் இருந்தார். மேஸ்திரியின் தங்கை என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "வாம்மா, உங்கண்ணன் பண்ணியிருக்கிற வேலையப் பாரு" என்று தென்னோலைப் பந்தலுக்குள் அழைத்துப் போனார்.

முப்பத்திரண்டு ஒட்டுக் கன்று. இடுப்பு உயரம். இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன். என் மரத்தை எனக்குத் தெரியாதா?

"ஏங்க, இது எப்பக் கட்டினது?"

"போன ஆடி கடைசில. குச்சி வெளியூர்லேருந்து வாழப்பட்டையில வந்துது. உங்கண்ணன் அன்னிக்குச் சோறுகூடத் திங்கல, ஒக்காந்து ஒரே மூச்சா நாப்பதையும் சொருகிக் கட்டிட்டுத்தான் எழுந்தாரு."

"பங்குனியில கட்டினா வராதுங்களா?"

பெரியவர் சிரித்தார். "பங்குனியிலயா? வறண்ட ஊர்ல பங்குனியில ஒட்டுக் கட்டறவன் பைத்தியக்காரனாத்தாம்மா இருப்பான். ஆடி மழைக்கு மரம் முழிச்சிக்கும். ஆவணிக்குள்ள ரெண்டும் கூடிப்புடும். ஐப்பசி மழைக்குள்ள புண்ணு ஆறிடும். இத உங்கண்ணன்தான் எனக்கே சொல்லிக் குடுத்தாரு."

பந்தல் வாசலில் பலகை. ராஜாமணி வாசித்தாள். 'கனகபசந்து. கனகசபேச முதலியார் தோட்டம். உண்டாக்கியவர்: மேஸ்திரி உத்திராபதி.' உன் மச்சான் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நோவு என்று சொல்லிக் குச்சி வாங்கினாய். அதைக்கூட விட்டுவிடுகிறேன். கேட்டிருந்தால் நானே தலையில் சுமந்து வந்து கொடுத்திருப்பேன். ஆனால் புரட்டாசி எட்டாம் தேதி நீ எனக்கு ஆடியில் கட்டாதே என்று எழுதினாயே, அன்றைக்கு உன் கன்றுகள் துளிர்த்திருக்கும். அந்தத் துளிரைப் பார்த்துக்கொண்டே அதை எழுதினாய். பெண் கையெல்லாம் கொப்பளித்தும் நாற்பத்தொன்று செத்ததற்கு, கைக்கட்டு சரியில்லை என்றும் எழுதினாய். மூடி வைத்த பதினேழும் பிறகு போய்விட்டது. ஏன் அண்ணா?

புஷ்பவள்ளி


சிதம்பரம்
ஆடி 5

சௌ. புஷ்பவள்ளிக்கு அண்ணன் ஆசீர்வாதம். மச்சான் உடம்பு தேவலையா? ராஜாமணிக்கு என் ஆசி.

உன் கடிதம் என்னை அறைந்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய். என் நிலைமையையும் கேள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளை இல்லை. இருக்கும் வீடு முதலாளி வீடு. போன வருஷம் அவர், "ஊர்ல இல்லாத மாங்கா ஒண்ணு நம்ம தோட்டத்துல வரணும் உத்திராபதி, இல்லன்னா சின்ன வயசா ஒருத்தனப் பாக்குறேன்" என்றார். அந்த வாரம் உன் பழம் வந்தது. ஒன்றை அவருக்கு அரிந்து கொடுத்தேன். நம் தோட்டத்தில் நான் உண்டாக்கின கன்று காய்த்த பழம் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. நீயும் அதே வருஷம் அறுபது கட்டி மஞ்சக்குப்பம் சந்தைக்குக் கொண்டு வந்தால் என் கதி என்ன? ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். கெடுக்க நினைக்கவில்லை. காற்றைப் பற்றியும் ஐப்பசி மழையைப் பற்றியும் நான் எழுதியது முழுப் பொய்யும் இல்லை.

இப்போது ஒன்று நீ செய்ய வேண்டும். சுதந்திர தினத்தன்று முதலாளி தோட்டத்தில் கொடியேற்றி முதல் கன்றை நடப்போகிறார். அதற்கு முன் யாரோ உன் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை உன் ஊருக்குக் காரில் வருகிறார். அப்பா வைத்த மரம், அண்ணன்தான் அதற்கும் கன்று கொடுத்தான் என்று ஒரு வார்த்தை சொல். உன் கூடப்பிறந்தவன் கேட்கிறேன். ராஜாமணி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரில் ஒரு குறை வைக்க மாட்டேன்.

உத்திராபதி


சிதம்பரம்
ஆடி 9

புஷ்பாவுக்கு அண்ணி தில்லையம்மாள் எழுதுவது. நல்லா இருக்கிறாயா? எனக்கு எழுத்து சரியாக வராது. அவர் வெளியே போன சமயம் எழுதுகிறேன்.

போன வருஷம் உன் குச்சி வந்த மறுவாரம் அவர் உனக்கு ஒரு கடிதாசி எழுதினார். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். அதைக் கிழிக்கவும் இல்லை, போடவும் இல்லை. பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கே நான் உனக்குச் சொல்லியிருக்கலாம். சோறு போடுகிற மனுஷன் என்று பயந்துவிட்டேன். என்னை வையாதே. வைதாலும் சரி.

தில்லையம்மாள்

(உள்ளே இருந்தது)

சிதம்பரம்
விய வருஷம், ஆவணி 1

அம்மா புஷ்பா, ஆசீர்வாதம். இதைக் கண்டதும் கட்டு. ஒரு நாளும் தள்ளாதே. உன் மேட்டுக்கு ஆடிக் கடைசியும் ஆவணியும்தான் காலம். மழை ஈரமும் புழுக்கமும் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். சீவினது காற்றில் காயும் முன் சேர்த்துக் கட்டு. மேல்காற்றுப் பக்கம் ஓலைத் தட்டி வை. புரட்டாசிக் கடைசியில் தாய்க் கிளையைப் பாதி அறு, பத்து நாள் கழித்து மீதி அறு. ஐப்பசி மழைக்குக் கன்று தன் காலில் நிற்கும். உன் மரம் லேசான மரம் இல்லை, புஷ்பா. இந்த முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பழம் நான் தின்றதில்லை. மூன்று காணியும் நட்டுவிடு. நான் வந்து பார்க்கிறேன்.

உத்திராபதி


கேப்பர் மலை
சர்வஜித்து வருஷம், கார்த்திகை 20

மகா-ள-ள-ஸ்ரீ உத்திராபதி அவர்களுக்கு, புஷ்பவள்ளி எழுதுவது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

தங்கள் கடிதத்துக்கு நான்கு மாசமாகப் பதில் எழுதவில்லை. தோட்டத்தில் வேலை இருந்தது.

முதலியார் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தார். கிணற்றடியில் கட்டில் போட்டுப் பழம் அரிந்து வைத்தேன். இரண்டு பழமும் தின்று முடித்துவிட்டு, "உங்கப்பா வச்ச மரமாமே?" என்று கேட்டார். "இல்லீங்க, நான் வச்சது. குச்சியும் நான் அனுப்பினதுதாங்க" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மரம் யாருதா இருந்தா என்னம்மா? கன்னு இப்ப என் தோட்டத்துல இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். ஆகவே தாங்கள் பயப்பட்டதற்குக் காரணமே இல்லை. கொடியேற்றிக் கன்று நட்டதாகவும், பலகை அப்படியே இருப்பதாகவும், தங்கள் வேலைக்கு ஒன்றும் வரவில்லை என்றும் அண்ணி எழுதியிருந்தாள். நல்லது.

அண்ணி அனுப்பிய பழைய கடிதமும் பார்த்தேன். நேரில் கண்ட பொய்யைவிட அதைப் படித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு நல்லது தெரிந்து, அதை எழுதியும் முடித்து, எடுத்துப் பஞ்சாங்கத்தில் வைத்துவிட்டீர்களே.

ஒட்டுப் போனாலும் தொட்டிக் கன்றுகள் பிழைத்திருந்தன; ஆடி 27-இல் தொடங்கிக் கட்டினேன். நாற்பத்தாறு பிடித்தது. இப்போது மேட்டில் நட்டாயிற்று. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் குச்சியும் கொடுத்தேன். சபாபதி மட்டும் இருபது கட்டியிருக்கிறான். அண்ணாகிராமத்திலிருந்துகூட இரண்டு பேர் வந்து வாங்கிப் போனார்கள். எந்த மாசம் என்று கேட்டவர்களுக்கு மாசத்தையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

ராஜாமணி கல்யாணம் தை 12-ஆம் தேதி நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை இதோடு இருக்கிறது. மாமா வர வேண்டாம் என்று அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். முறை தவறினால் புவனகிரிக்காரர்கள் நாலு கேள்வி கேட்பார்கள் என்று அவளைச் சமாதானம் செய்திருக்கிறேன். தாங்களும் அண்ணியும் முதல் நாளே வந்துவிட வேண்டும். தாய்மாமன் மணை தங்களுக்குத்தான். தாங்கள் எடுத்துக் கொடுக்கிற மாலையை அவள் போட்டுக்கொள்வாள். சீர் என்று எதுவும் வேண்டாம்.

"வர்றவருக்கு நல்லா சோறு போடு. பழசு எதையும் கேக்காத" என்கிறார் தங்கள் மச்சான். அவர் பயப்பட வேண்டாம். தங்களிடம் கேட்க எனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சு. புஷ்பவள்ளி